தெருவிலிருந்து தொடங்கும் கடன்



மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனிடம் தொழுகை, நோன்பு, வாரிசுரிமை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே மக்கள் கேட்பார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். சங்கரன்கோவிலில் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வேறு வகையைச் சேர்ந்தவை. நோன்பு வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கலாமா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை வட்டிக்கு வைக்கலாமா? திருநெல்வேலிக்குப் போனால் கஸ்ர் உண்டா? பக்கத்து வீட்டுச் சாக்கடை நம் வாசலில் தேங்கினால் என்ன செய்வது?

உடல், பணம், பயணம், தெரு என்று இவற்றை நாம் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறோம். பல ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்து, பல குடும்பங்களின் கஷ்டங்களை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் என் கருத்து வேறு. இவை நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். தெருவின் அசுத்தம் நோயாகிறது. நோய் நம்மை வெளியூர் மருத்துவமனைக்குப் பயணப்பட வைக்கிறது. அப்பயணம் கடனில் முடிகிறது. கடன் வட்டியில் கொண்டுபோய் விடுகிறது. வட்டி கட்டுவதற்காக உணவைக் குறைத்து, மருந்தைத் தள்ளிப்போட்டு, மீண்டும் உடலைக் கெடுத்துக் கொள்கிறோம். இச்சங்கிலியை எங்கே அறுப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெரு

நம் ஊருக்குத் தாமிரபரணி நீர் குழாய் வழியே வருகிறது. அது தினமும் வருவதில்லை. ஆதலால் வரும் நாளில் ட்ரம், அண்டா, குடம், சிமெண்ட் தொட்டி என அனைத்தையும் நிரப்பி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை விட இவ்வாறு சேமித்து வைத்த தெளிந்த நீரையே விரும்பி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. எனவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. உட்புறத்தை நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், பின்னர் மூடி வைக்க வேண்டும்.

இதை வாரம் ஒருமுறை செய்தால் அக்கொசுவின் தலைமுறை அறுபடும். நமக்கோ வாரம் ஒருமுறை வரும் ஜுமுஆ இருக்கிறது. அன்று குளிப்பதையும் நகம் வெட்டுவதையும் நாம் மறப்பதில்லை. அதே காலை வேளையில் தண்ணீர்ப் பாத்திரங்களையும் தேய்த்துக் கழுவும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டால், மறதிக்கு இடமே இராது. என் வீட்டில் இது பிள்ளைகளின் வேலை.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். நாமோ வீட்டுக்குள் தஹாரத்தைப் பேணிவிட்டு, குர்பானிக் கழிவை ஓடையில் போடுகிறோம். ஜுமுஆவுக்கு முதல் ஸஃப்பைப் பிடிக்க விரைந்து வந்து, வண்டியைப் பிறர் வாசலை அடைத்து நிறுத்துகிறோம். அந்நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் அத்தெருவுக்குள் வர நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆடித் தபசு நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கால் வைக்க இடமிராது. அப்போது நம் கடைக்காரர்கள் வாசலில் குடிநீர் வைத்துத் தாகம் தீர்ப்பதைக் கண்டிருக்கிறேன். தெருவின் உரிமையைப் பேணுவதற்கு அவர்கள் காட்டும் நல்ல முன்மாதிரி அது.

உடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர்க்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கூறியது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேர். இரத்த அழுத்தமோ மூன்றில் ஒருவருக்கு மேல். ஒரு ஸஃப்பில் முப்பது பேர் நின்றால் அவர்களில் மூவராவது சர்க்கரையோடு நிற்கிறார்கள் என்று கொள்ளலாம். அம்மூவரில் நானும் ஒருவன். நாற்பத்து மூன்றாம் வயதில் எனக்கு அது தெரியவந்தது.

வெளியூர்க்காரர்களிடம் சங்கரன்கோவில் என்று சொன்னால், அவர்கள் முதலில் கேட்பது பிரியாணியைப் பற்றித்தான். நான் அதை வெறுப்பவன் அல்லன். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று வகுத்துத் தந்த மார்க்கம், பிரியாணியைத் தடுக்கவில்லை. இரண்டாம் தட்டைத்தான் யோசிக்கச் சொல்கிறது. ரமலானிலும் இதே நிலைதான். பகல் முழுதும் உடலுக்குக் கிடைத்த ஓய்வை, இஃப்தாரில் எண்ணெயில் பொரித்த வடையும் சமோசாவும் அரை மணி நேரத்தில் பறித்துக் கொள்கின்றன. நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை, பேரீத்தம்பழம் ஒன்றிரண்டு, மஃரிபுக்குப் பின் அளவான உணவு என்பதே போதுமானது.

சர்க்கரை உள்ளோர் நோன்பைப் பற்றி ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். விரலில் ஊசி குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழ் இறங்கிவிட்டால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்க, மயங்கி விழும்வரை பிடிவாதமாய் இருப்பது தக்வா ஆகாது.

இன்னொன்றையும் கூற விரும்புகிறேன். சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குறைவதால் சிறு காயம் தெரியாமல் புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. தினமும் பாதத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். ஒரு நாளில் பலமுறை கால் கழுவி, விரல்களைக் கோதிவிடும் சமுதாயம் நாம். உளூச் செய்யும்போது ஒரு கணம் குனிந்து பாதத்தின் அடியைப் பாருங்கள். பிறகு விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் துடையுங்கள். செலவில்லாத மருத்துவப் பரிசோதனை இது.

மாத்திரைக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிற்கே வந்து மருந்து தருகிறார்கள். கதவைத் தட்டும் அப்பெண்மணியை ‘ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

பயணம்

பெரிய சிகிச்சை என்றால் நாம் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்றாக வேண்டும். திருநெல்வேலி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஹனஃபி மத்ஹபில் பொதுவாகக் கொள்ளப்படும் 48 மைல் அளவை அது எட்டாததால் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும். மதுரை நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதால், பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்தோடு செல்வோர் அங்கு கஸ்ர் செய்வர். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தோர் தம் ஆலிமிடம் கேட்டுக் கொள்க.

ஆனால் நம் கவனம் இதற்குச் சற்று முன்பே தேவைப்படுகிறது. முதல் பரிசோதனைக்கே வாடகைக் கார் பிடித்து, உறவினர் நால்வரை ஏற்றிச் செல்வது நம்மிடையே கௌரவமாகிவிட்டது. மருத்துவருக்குத் தரும் கட்டணத்தைப்போல் பன்மடங்கு காருக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அவசரமில்லாத நோய்க்குப் பேருந்தே போதும். நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. நம் ஊர் அரசு மருத்துவமனைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மார்களுக்கு அது பெரும் உதவி. திருநெல்வேலி செல்லும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. பயணத்தை வேதனையின் ஒரு பகுதி என்று கூறி, தேவை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். காரணமின்றிச் செய்யும் பயணம் வேதனையோடு செலவையும் சேர்த்தே தருகிறது.

பைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், ஹெல்மெட் அணிவதும் அந்தக் கயிறுதான். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் அத்தாமார்களுக்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. மகனின் உயிர் அதைவிடப் பெரிது.

கடன்

சங்கிலியின் மிகக் கொடிய கண்ணி இதுதான். என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் அத்தா விசைத்தறித் தொழிலாளி. மனைவியின் அறுவை சிகிச்சைக்காக வாரக் கடன் வாங்கினார். பத்தாயிரம் என்று பெயர். கையில் கிடைத்தது 8,500. வாரம் ஆயிரமாகப் பத்து வாரங்களில் கட்ட வேண்டும். ‘வெறும் ஆயிரத்து ஐந்நூறுதானே, ஹஜ்ரத்’ என்றார். அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டேன். வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதால், பத்து வாரங்களில் சராசரியாக அவர் கையிலிருந்த கடன் ஐயாயிரத்துக்கும் குறைவு. அதற்கு இரண்டரை மாதத்தில் 1,500 என்றால், ஆண்டுக்கு 150 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவர் வெகுநேரம் பேசவில்லை. மூன்றாம் வாரத் தவணையைக் கட்ட இன்னொருவரிடம் அவர் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தார்.

தமிழ்நாடு அரசு 2003இலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆயினும் 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தனர். அப்போது நம் மாவட்டமும் திருநெல்வேலிதான். தென்காசி தனியாகப் பிரிந்தது 2019இல். அக்குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பது இங்கே கேள்வியே அன்று. வட்டியை அல்லாஹ் ஏன் அவ்வளவு கடுமையாகக் கண்டித்தான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

முதலில், கடனே தேவைப்படாத வழியைத் தேடுவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. காப்பீடு ஹராம் ஆயிற்றே என்று சிலர் தயங்குகின்றனர். பயனாளி பிரீமியம் எதுவும் கட்டுவதில்லை; அரசே செலுத்துகிறது. எனவே அதை அரசின் உதவியாகக் கொண்டு ஏற்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றை உடல் நலமாக இருக்கும்போதே ஆயத்தமாக வைத்து, அட்டையைப் பெற்றுக் கொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சரின் அருகில் நின்றுகொண்டு சான்றிதழுக்கு அலைய முடியாது.

எங்கள் மஹல்லாவின் முன் உள்ள கேள்வி

பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் அமைக்க வேண்டுமென்று எங்கள் மஹல்லாவில் இவ்வாண்டு பேச்சு எழுந்துள்ளது. சித்திரை வெயிலில் முதியவர்கள் படும் சிரமம் உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வட்டியில்லாக் கடன் நிதி வேண்டும் என்று மஷூராவில் கூறினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. கடன் கொடுத்தால் திரும்ப வராது, வீண் சண்டைதான் மிஞ்சும் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்குரிய பதிலும் நம் மார்க்கத்திலேயே இருக்கிறது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியதுதான். நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவச ஆடை, வாங்கிய வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஆகவே எழுத்தும் சாட்சியும் அடகும் அவநம்பிக்கையின் அடையாளங்கள் அல்ல. அவை சுன்னத்தான பாதுகாப்பு. நகையை அடகாகப் பெற்று, தவணை நாளை எழுதி, வட்டியின்றித் தரலாம். வாங்கியவர் உண்மையாகவே நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தர வேண்டும் என்பதும் குர்ஆனின் கட்டளையே.

கணக்கும் எளியது. நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் தந்தால் ஓராண்டில் 1,20,000. நாற்பதாயிரமாக மூன்று குடும்பங்களுக்குத் தரலாம். அவர்கள் திருப்பிக் கட்டக் கட்ட, அதே பணம் அடுத்தவருக்குப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பள்ளிக் கட்டடத்துக்கென்று தரப்பட்ட பணத்தை இந்நிதிக்குத் திருப்பக் கூடாது. தந்தவரின் நோக்கம் பேணப்பட வேண்டும். ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறவும் கூடாது. அது ஏழைக்கு உரிமையாக்கித் தரவேண்டியது. கடனாளிகள் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒரு வகையினர் என்பதால், வட்டியில் சிக்கியவரின் அசலை அடைத்து அவரை மீட்க ஜகாத்தைத் தரலாம். புதிதாக எவரும் சிக்காமல் காக்க ஸதகாவைக் கொண்டு கடன் நிதி நடத்தலாம். வாங்கியவரின் பெயரை மூன்று பொறுப்பாளர்களைத் தவிர வேறு எவரும் அறியலாகாது. மானத்துக்கு அஞ்சித்தான் நம் மக்கள் வட்டிக்காரரிடம் போகிறார்கள். அவர் பகிரங்கமாக அவமானப்படுத்துவது பிறகுதான் தெரிகிறது.

கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வராமல், தோழர்களைத் தொழுமாறு கூறினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்பே தொழுவித்தார்கள். நம் பள்ளியில் ஜனாஸா வைக்கப்படும்போது, ‘இவர் கடனுக்கு யார் பொறுப்பு?’ என்று நாமும் கேட்கிறோம். பெரும்பாலும் பதில் சொல்வது அழுது சிவந்த கண்களோடு நிற்கும் மூத்த மகன். உயிரோடு இருக்கும்போதே அக்கேள்வியைக் கேட்கும் ஒரு ஜமாஅத்தாக நாம் ஆக வேண்டும்.

அடுத்த மஷூரா ஷவ்வாலில் நடக்க இருக்கிறது. இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளும் தத்தம் மஹல்லாவில் இக்கேள்வியை எழுப்புங்கள். அதுவரை ஜுமுஆ காலையில் ட்ரம்மைத் தேய்ப்பதை எவரும் தடுக்கப் போவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உடலையும் பொருளையும் பயணத்தையும் தெருவையும் உன் அமானிதமாகப் பேணும் நற்பாக்கியத்தைத் தருவாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், கடனாளிகளுக்கு விடுதலையையும் அருள்வாயாக. ஆமீன்.