உப்பைத் தின்ன ஜீப்பு!

'டக்!'

அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினதும் அந்த ஒரே ஒரு சத்தம். அப்புறம் மரக்காணம் உப்பளம் முழுக்க அமைதி. காத்து மட்டும் காதுக்குள்ள புகுந்து விளையாடுது.

"இறங்குங்க தம்பி, தள்ளணும்!"

விடியக்காலை அஞ்சரை மணி. உப்பளம் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வாங்கனு அனுப்பி வெச்சாங்க. நான் ஜீப் தள்ளிக்கிட்டு இருக்கேன்! கூடவே அஞ்சு பேர். அதுல மூணு பேருக்கு எங்க பாட்டி வயசு. ஏதோ காலையில கோலம் போடுற மாதிரி, ரொம்ப சாதாரணமா வந்து கை வெச்சாங்க. நாப்பது அடி தள்ளினதும் 'தடதட'னு இன்ஜின் உயிர் பிடிச்சது.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"இன்னா பண்றது தம்பி... இதுதான் எங்களுக்கு எக்சர்சைஸு!" - ஒரு அக்கா சிரிச்சாங்க. அவங்க காலைப் பார்த்தேன். உப்புத் தண்ணி பாளம் பாளமா வெடிக்க வெச்சிருந்தது.

வெள்ளைப் பாலைவனம்

சென்னையிலேர்ந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர்.ல போறவங்க எல்லாரும் மரக்காணத்தைப் பார்த்திருப்பீங்க. பஸ் ஜன்னல்ல ரெண்டு நிமிஷம் வெள்ளை வெளேர்னு குவியல் குவியலா ஓடும். செல்ஃபி எடுக்கறதுக்குள்ள ஊர் முடிஞ்சிடும்.

ஆனா, இறங்கி நடந்தா அது வேற உலகம். சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த ஊர்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளோட பூமீஸ்வரர் கோயில் இருக்கு. ஆந்திராவுல ஆரம்பிக்கிற பக்கிங்ஹாம் கால்வாய் இங்க வந்துதான் முடியுது. பக்கத்துலேயே கழுவெளி ஏரி. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சீசன்ல பூநாரைகள் ஒத்தைக் கால்ல நின்னு ஊரை வேடிக்கை பார்க்கும்.

நடுவுல, கட்டம் கட்டமா பாத்திகள். கடல் தண்ணியில உப்பு சுமார் மூன்றரை சதவிகிதம்தான். வெயில் காயக் காய தண்ணி கெட்டியாகி, போமே அளவுல 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். உப்பை வாரின பிறகு மிஞ்சுறது கசப்புத் தண்ணி. அதுல மெக்னீசியம் குளோரைடு அதிகம். காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்து வெச்சுக்கிற ஆசாமி அது. இந்த வில்லனை ஞாபகம் வெச்சுக்கோங்க, கிளைமாக்ஸ்ல வருவார்.

வெயில் ஏறினா பாத்தியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்துல கண்ணைத் திறக்க முடியாது. அதனால இருட்டோட வேலையை ஆரம்பிச்சிடுறாங்க. ஐப்பசி மழை பிடிச்சா அதுவும் கிடையாது. சில மாசம் சும்மாதான்.

"பேட்டரியை நான் தின்னுட்டேனாம்!"

இந்த உப்பளத்துக்கு அந்த ஜீப்தான் எல்லாம். குடிதண்ணி கேன், மோட்டாருக்கு டீசல், வாருபலகை, வேலைக்கு வர்ற ஆளுங்க... எல்லாம் அதுலதான். சேறும் உப்புமா இருக்கிற வரப்புப் பாதையில நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போக முடியும். வயசு எனக்கு மேல. எனக்கு 20!

"2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சில்ல? அப்ப உப்பளமே தண்ணிக்குள்ள போயிடுச்சு. வண்டியும் மூணு நாள் தண்ணியில நின்னுது. அப்புறம் வேலை பார்த்து ஓட்டினோம். கொஞ்ச நாள்லேயே செல்ஃப் எடுக்கலை. பேட்டரி மாத்தினோம். ஒரு மாசம் ஓடுச்சு. மறுபடி டக்கு. ரெண்டாவது பேட்டரி. அதுவும் டக்கு. நான் லைட்டைப் போட்டு வெச்சுட்டுத் தூங்குறேன், பேட்டரியைத் தின்னுட்டேன்னு சொல்லி வாரா வாரம் 500 ரூபா சம்பளத்துல பிடிக்கிறாங்க தம்பி" - டிரைவர் அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

போன மாசம் ஒரு ஆயா பாத்தியில மயங்கி விழுந்துட்டாங்களாம். தூக்கி ஜீப்ல போட்டாச்சு. 'டக்'. ஆயாவை உள்ள வெச்சே சேத்துல தள்ளியிருக்காங்க. நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து பிழைச்சுட்டாங்க. "அன்னிக்கு நானே வண்டியைக் கொளுத்திடலாம்னு இருந்தேன்" என்றார்.

எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டான். எலெக்ட்ரிக்கல், மூணாம் வருஷம், பையில 300 ரூபாய் மல்டிமீட்டர். விடுவோமா?

பல்பு வாங்கிய படலம்

பேட்டரியில மீட்டரை வெச்சேன். 12.6 வோல்ட். நல்லா இருக்கு. செல்ஃப் மோட்டார்? "ரெண்டு தடவை கழட்டி திண்டிவனத்துல காட்டிட்டோம். கடையில வெச்சுப் பார்த்தா சும்மா சுத்துது. மாட்டினா நாலு நாள் ஓடும், மறுபடி டக்கு."

வயர்களை ஓம்ஸ்ல வெச்சு ஒண்ணொண்ணா அளந்தேன். எல்லாமே கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது, எந்த வயர்லயும் தடையே இல்லை!

அப்ப வேற என்ன? "வோல்ட் இருக்கு, ஆனா ஆம்பியர் இல்லை. பேட்டரிதான் போச்சு"னு தீர்ப்பு சொல்லிட்டேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து நிக்கிறார். "பார்த்தியா? படிச்ச புள்ளையே சொல்லுது!"னு அண்ணனைப் பார்த்து ஒரு முறை முறைச்சார்.

அண்ணன் ஒண்ணும் பேசலை. என் முகத்தைக்கூடப் பார்க்கலை. செமஸ்டர்ல அரியர் விழுந்தப்பகூட எனக்கு அப்படி வலிச்சதில்லை பாஸ்.

சுடுற கேபிள்

காப்பாத்தினது அந்த எக்சர்சைஸ் அக்காதான். டீ குடிக்கும்போது சும்மா பேச்சுவாக்குல சொன்னாங்க: "சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தா அந்த இழுக்குற குமிழு சுடுதுன்னு இது அடிக்கடி சொல்லும். கேட்டா சிரிப்பாங்க."

இழுக்குற குமிழுன்னா, டீசல் இன்ஜினை நிறுத்துறதுக்கு இழுப்போமே, அந்த ஸ்டாப் கேபிள். அதுல கரன்ட்டே கிடையாது. வெறும் இரும்புக் கம்பி. அது ஏன் சுடணும்?

ஓடிப் போய் வண்டியில உட்கார்ந்தேன். அண்ணனை நாலஞ்சு தடவை சாவி திருப்பச் சொல்லி, கேபிளைத் தொட்டேன். வெதுவெதுன்னு இருந்தது!

மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சது. செல்ஃப் மோட்டாருக்குப் போற கரன்ட் திரும்பி வர ஒரு வழி வேணும். இன்ஜின்லேர்ந்து சேஸிஸுக்கு, சேஸிஸ்லேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்கு. அந்த வழி அடைபட்டா, கரன்ட் கிடைச்ச சந்துல எல்லாம் புகுந்து ஓடும். ஸ்டாப் கேபிள் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கிட்டு இருக்கிற சந்து!

இந்தத் தடவை சாவி திருப்பும்போதே அளந்தேன். பேட்டரி ரெண்டு முனையில 11.4. பேட்டரி செத்திருந்தா ஒன்பதுக்கும் கீழே விழுந்திருக்கும். நெகட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல... 5 வோல்ட்! அங்க அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. பாக்கி ஆறு சொச்சம் வோல்ட்ல செல்ஃப் மோட்டார் 'டக்'குன்னு சொல்லலாம், சுத்த முடியாது.

முதல்ல என் மீட்டர் ஏன் ஏமாத்துச்சு? டீசல் இன்ஜினைச் சுத்த நூத்துக்கணக்குல ஆம்பியர் வேணும். 200 ஆம்பியர்னே வெச்சுப்போம். தடை வெறும் 0.025 ஓம் இருந்தாலே, 200 x 0.025 = 5 வோல்ட் காலி! என் மீட்டரோட வயருக்கே அதைவிட அதிகத் தடை. அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஓம் விதியை ஒன்பதாவதுலேர்ந்து படிக்கிறேன். மரக்காணத்துலதான் புரிஞ்சது.

உப்பு ஏத்த வந்த லாரிக்காரர்கிட்ட ஜம்பர் கேபிள் வாங்கினோம். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ். இன்னொரு முனை நேரா இன்ஜின் மேல. "அண்ணே, இப்ப போடுங்க."

'கிர்ர்ர்... தடதடதட!'

பாத்தியில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

வில்லன் சிக்கினார்

வண்டிக்கு அடியில படுத்தேன். இன்ஜினையும் சேஸிஸையும் சேர்க்கிற எர்த் பட்டை. அதோட ஒரு முனை செல்ஃப் மோட்டார் போல்ட்டுலேயே மாட்டியிருந்தது. மோட்டாரைக் கழட்டி மாட்டும்போது அந்த இடம் உரசிச் சுத்தமாகும், நாலு நாள் ஓடும். கடையில அதோட எர்த் நல்லா இருக்கும், சும்மா சுத்தும். எல்லாக் கணக்கும் நேராச்சு!

பட்டையைக் கழட்டினா பச்சைப் பசேல்னு பொடி கொட்டுது. கம்பி உள்ளே கறுத்துப் போய், பாதி இழை இல்லை. புயல்ல குடிச்ச உப்புத் தண்ணி, காயவே விடாத அந்த மெக்னீசியம் குளோரைடு, அதுல கரன்ட் வேற. செம்பை மெதுவா மென்னு தின்னிருக்கு. பேட்டரியைத் தின்னது அண்ணன் இல்லை சார்... உப்பு!

மரக்காணம் கடைத்தெருவுல தடியான வயரும் லக்கும் வாங்கினோம். சில நூறு ரூபாய்தான். சேஸிஸ்ல பெயின்ட்டையும் துருவையும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சு, முறுக்கி, மேல கிரீஸ் தடவினோம். "நல்ல தண்ணியில ஒரு தடவை கழுவிடலாமா?"னு கேட்டேன். அக்கா கேனை நகர்த்தி வெச்சுக்கிட்டாங்க. "இது குடிக்கிற தண்ணிப்பா!"

மேஸ்திரிகிட்ட போய், "காலையில நான் சொன்னது தப்பு சார். பேட்டரி நல்லா இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்"னு மீட்டரோட காட்டினேன். ரெண்டு தடவை அவரே சாவி போட்டுப் பார்த்தார். "பார்ப்போம்" என்றார். போன வாரம் அண்ணனுக்கு போன் பண்ணினேன். பிடிச்ச காசை ரெண்டு தவணையா தர்றதா சொல்லியிருக்காங்களாம்.

அன்னிக்குச் சாயங்காலம் என்னை பஸ் ஸ்டாப்ல விட வந்தார் அண்ணன். வழக்கமா வண்டியை ரோடு ஏறுற மேட்டுலதான் நிறுத்துவார். உருட்டி ஸ்டார்ட் பண்ண அந்த ஊர்லேயே அது ஒண்ணுதான் சரிவு. அன்னிக்கு மேட்டைத் தாண்டி, சமதளத்துல நிறுத்தினார். இன்ஜினை அணைச்சுட்டு என்கூட டீ குடிக்க இறங்கினார்.

செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி...

* கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுங்க. மோதிரம், செயினைக் கழட்டிடுங்க.

* ஹெட்லைட் போட்டு சாவி திருப்புங்க. வெளிச்சம் செத்துப் போனா, பேட்டரி அல்லது டெர்மினலைப் பாருங்க. வெளிச்சம் அப்படியே இருந்து 'டக்' மட்டும் கேட்டா, இன்ஜின் எர்த் அல்லது செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படுங்க.

* அளக்கிறதை சாவி திருப்பும்போது அளங்க. சும்மா நிக்கிற வண்டியில எல்லா வயரும் நல்ல வயர்தான்!

* கழட்டும்போது பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. மாட்டும்போது கடைசியா மாட்டுங்க.

* டிரைவர் 'சுடுது'ன்னு சொன்னா, சிரிக்காம தொட்டுப் பாருங்க.