வியர்வை

2022-இல் எடின்பரோ பல்கலைக் கழகத்திற்கு முதுகலை பயிலச் சென்றேன். ஏடு தூக்கிய கை, எடை தூக்கியதில்லை! எனினும் அங்குள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். கட்டணம் செலுத்திய மாணவர் எவர்க்கும் கதவு திறந்தது. பண்டை ஏதென்சில் அடிமைகள் இத்தகைய கூடங்களில் பயிலலாகாதெனச் சொலோன் சட்டம் செய்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அக்கொடுமை ஒழிந்ததே என்று மகிழ்ந்தேன்.

எடைத் தட்டுகள் மாட்டாத வெறுந் தண்டே 20 கிலோ! தூக்கினேன்; தோள் நடுங்கிற்று. அருகே ஒரு பெண் அதனினும் மும்மடங்கைத் தூக்கி இறக்கினாள். 'மெல்லியலார்' என்று உரை சொன்ன நம் புலவர்கள் அங்கு வந்து பார்த்திருக்க வேண்டும்!

பக்கத்துப் பெஞ்சிலிருந்து எழுந்த நரைத்த தலையினர் ஒருவர், துணி எடுத்துத் தம் வியர்வையைத் தாமே துடைத்துவிட்டுச் சென்றார். மறுநாள் வகுப்பினுள் நுழைந்தார் அதே மனிதர் — பேராசிரியர்!

நானோ துடைக்காமலே எழுந்து வந்திருந்தேன். ஏன்? துடைக்க வேறொருவன் வருவான் என்ற எண்ணம் எனக்குள் எப்போது குடிபுகுந்தது? சாதி ஒழிப்பைப் பற்றிக் கல்லூரி மேடைகளில் முழங்கியவன், தோழர்களே, நான்!

அன்று மாலை மீண்டும் சென்றேன். நான் படுத்த பெஞ்சு எதுவென்று தெரியவில்லை. வரிசையிலிருந்த மூன்றையும் துடைத்தேன்.