வாளியில் வந்த பத்து நாள் சாப்பாடு

கட்டுச் சாதத்துடன் பிரயாணம் கிளம்புவது நமக்குப் புதிய விஷயமல்ல. ஆனால் மூன்று வாரம் மலைக் காட்டில் நடக்க வேண்டும் என்றால் எத்தனை மூட்டை கட்டுவது? கலிபோர்னியாவில் ஸியரா நெவாடா மலைத் தொடரின் மீது செல்லும் ஜான் மியூர் பாதையில் நடக்கத் துணிந்தபோது, எங்கள் இருவருக்கும் எழுந்த முதற் கவலை இதுதான்.

யோஸெமிட்டி பள்ளத்தாக்கில் ஆரம்பித்து, 14,505 அடி உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடியும் இந்தப் பாதையின் நீளம் 211 மைல். இயற்கை அன்பரான மியூர் 1914-ல் காலமானார். மறு வருஷம் தொடங்கிய பாதை வேலை 1938-ல் முடிந்தது. அந்தப் பெரியவர் ரொட்டியும் தேயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறுவாராம். நாங்கள் அவ்வளவு பக்குவம் அடைந்தவர்கள் அல்ல. ஆளுக்குத் தினம் இரண்டு ராத்தல் ஆகாரம் என்று கணக்கிட்டோம்.

வடபாதியில் பாதையை ஒட்டி ஓரிரு கடைகள் உண்டு. தென்பாதிதான் சோதனை. அங்கே உணவுக்காக மலையை விட்டு இறங்கினால், கியர்ஸார்ஜ் கணவாயைக் கடந்து போய்த் திரும்புவதற்குள் இரண்டு நாள் கழிந்துவிடும். இதற்குப் பரிகாரமாக விளங்குவது, ஏறக்குறைய நடுவழியில், பாதையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் மியூர் டிரெயில் ராஞ்ச் என்னும் பண்ணை. பிரயாணிகள் தங்கள் உணவை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பல நாள் முன்னதாகவே தபாலில் அனுப்பிவிட வேண்டும். அட்டைப் பெட்டி உதவாது. எலிகள் விருந்து நடத்திவிடும். தபாலாபீஸிலிருந்து எடுத்து, ஃபிளாரென்ஸ் ஏரியைப் படகில் தாண்டி, கரடுமுரடான வழியாகப் பண்ணைக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். கட்டணம் சொற்பமன்று. ஆனால் அந்த வாளியைக் கண்டதும் கட்டணம் மறந்து போகிறது.

எங்கள் வாளியில் பத்து நாள் உணவு இருந்தது. அவல், புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை, மிட்டாய்கள்! வீட்டில் வயிறார உண்டபின் கட்டிய மூட்டை அல்லவா? தாராளத்துக்குக் குறைவில்லை. சங்கடம் வேறு விதத்தில் வந்தது. கரடிகளுக்கு எட்டாதபடி, உணவு முழுவதையும் இரவில் உறுதியான கரடிப் பெட்டியில் பூட்டி வைப்பது அவசியம். எங்கள் பெட்டிகளோ ஆளுக்கு ஏழு நாள் உணவுக்கு மேல் கொள்ளவில்லை. அன்றையச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டாலும் எட்டு நாள்தான். முன்னால் இருந்ததோ இன்னும் 110 மைல். வழியில் ஐந்து பெரிய கணவாய்கள். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், பனிப்புயல் ஒரு நாள் மறித்தாலும் பட்டினிதான். நண்பரின் முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஏரி வழியாக ஊர் திரும்பிவிடலாமா என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம்.

கடைசியில், தினம் பதினான்கு மைல் நடப்பதென்று முடிவு செய்து, மிஞ்சியதைப் பண்ணையின் பொதுத் தொட்டிகளில் போட்டோம். வேண்டாதவர் போடலாம், வேண்டியவர் எடுக்கலாம். பண்டங்களை வகைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தம் வாளியைக் காலங் கடந்து அனுப்பி ஏமாந்த இளைஞர் ஒருவர், அந்தத் தொட்டிகளிலிருந்தே ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டார். எங்கள் அவலை முகர்ந்து பார்த்தார்; எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். சொன்னோம். மிட்டாய்களை யாரும் தொடவில்லை. எல்லோரும் அதைத்தான் அளவுக்கு மீறிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்!

பதின்மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட ஃபாரெஸ்டர் கணவாயில் நண்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்தார்; ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. எட்டாம் நாள் விடியற்காலை, கிடார் ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தோம். இரண்டு பிடி கடலையும், புளிக்காய்ச்சல் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததும்தான் மிச்சம்.

நண்பர் அதை விரலால் வழித்துக்கொண்டே, "அந்தப் பையன் இந்நேரம் நம் அவலைத் தீர்த்திருப்பான்" என்றார்.