நாற்றம் போனால் நோய் போனதா?

1/ காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) சின்ன வயதில் ஸ்டவ் வெடித்து முழங்காலுக்குக் கீழே தீக்காயம். தழும்பு மட்டும் நின்றுவிட்டது. இரண்டு வருடம் முன்பு அதே தழும்பில் ஒரு புண் வந்தது.

2/ "கடல் தண்ணி பட்டு ஆறாம இருக்குன்னு நெனச்சேன் சார். நாத்தம் தாங்கல. மஞ்சள் அரைச்சுப் போட்டேன். நாத்தம் போச்சு, அரிப்பு போச்சு, புண்ணும் காஞ்ச மாதிரி இருந்துச்சு. அதான் வரல."

3/ அவர் சொன்னது பொய் இல்லைங்க. 1987-இல் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மைய ஆய்வாளர்கள் இதையே பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே தெரியும் புற்றுப்புண் உள்ள 62 பேருக்கு மஞ்சள் சாறும், மஞ்சளில் உள்ள குர்குமின் களிம்பும் போட்டுப் பார்த்தார்கள். 90% பேருக்கு நாற்றம் குறைந்தது. அரிப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் குறைந்தது. 70% பேருக்குப் புண் காய்ந்தது.

4/ புண்ணின் அளவும் வலியும் குறைந்தது? 10% பேருக்குத்தான். இந்த எண்ணைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. நாற்றம் பெரும்பாலும் அழுகிய திசுவில் வளரும் பாக்டீரியாவால் வருவது. அது அடங்கினாலும் அடியில் புற்று வளர்ந்துகொண்டே இருக்கலாம்.

5/ பழைய தழும்பில் இப்படி வரும் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். தழும்பில் தோன்றும் புண்களை 1828-இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. தோல் பல வருடம் புண்ணாகி, ஆறி, மறுபடி அழற்சியாகிக்கொண்டே இருந்தால் அங்கே புற்று முளைக்கலாம்.

6/ "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்கிறீர்களா? 1940-களில் பெரன்ப்ளம் என்ற விஞ்ஞானி, புற்றைத் தூண்டும் ரசாயனத்தைச் சுண்டெலித் தோலில் கொஞ்சமாகத் தடவி, பிறகு ஒரு விதை எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினார். கட்டிகள் கிளம்பின. அந்த எண்ணெய் நம்ம நேர்வாளத்துடையது! சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடாத அதே கொட்டை.

7/ 1988-இல் அமெரிக்காவில், நேர்வாள எண்ணெயில் உள்ள அந்த ரசாயனத்தோடு குர்குமினையும் எலித் தோலில் தடவினார்கள். கட்டிகள் குறைந்தன. ஒரு செடி தூண்டுகிறது, ஒரு செடி தடுக்கிறது. இரண்டும் இயற்கைதான். ஆனால் எலியில் தடுத்தது என்பதால் மனிதனுக்கு வந்த புற்று குணமாகிவிடாது.

8/ அவருக்குப் புண்ணின் விளிம்பில் பயாப்ஸி எடுத்தோம். தோல் புற்று. எலும்பு வரை போயிருந்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

9/ இதில் என் பங்கும் உண்டு. ஒரு வருடம் முன்பு பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வந்தார். புண் கைலிக்குள் இருந்தது. காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கு முன்னாடி வந்த அம்மாவ, பச்சிலை போட்டதுக்கு நீங்க திட்டுனீங்களே சார்..."

10/ இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்: "வீட்ல என்ன போட்டீங்க?" திட்டுவதில்லை. நீங்களும் மறைக்காதீர்கள். ஆறு வாரம் தாண்டியும் ஆறாத புண், பழைய தழும்பில் புதுப்புண், விளிம்பு தடித்த புண், தொட்டால் ரத்தம் வரும் புண் எதுவானாலும் காட்டிவிடுங்கள். மஞ்சளோடு வந்தாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள்.