வெடித்த இசைத்தட்டுகளும் ஒரு பெண்ணின் குரலும்

டிஸ்கோ என்றதும் பலருக்கும் சுழலும் விளக்கும் பளபளக்கும் உடையும்தான் நினைவுக்கு வரும். உரிமைப் பேச்சு பேசுகிறவர்களுக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது.

1977இல் வந்த 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' ஆல்பத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பாடியவர் டோனா சம்மர். தயாரித்தவர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும். சம்மர் பாஸ்டனில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்த கறுப்பினப் பெண். 'ஹேர்' இசை நாடகத்தில் நடிப்பதற்காக மியூனிக் போனவர். அங்குதான் இத்தாலியரான மொரோடரோடு சேர்ந்தார். பழைய காலத்துப் பாணிகளைத் தொட்டுவரும் அந்த ஆல்பம், கடைசிப் பாட்டான 'ஐ ஃபீல் லவ்'இல் எதிர்காலத்துக்குத் தாவுகிறது.

அந்தப் பாட்டில் ஏறக்குறைய எல்லா ஒலியும் மூக் சிந்தசைசரில் பிறந்தவை. அதில் சுருதி நிற்காது. கொஞ்சம் பதிவு செய்து, நிறுத்தி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். அந்தப் பொறியை இயக்கத் தெரிந்த ராபி வெடல் என்பவர் கூடவே இருந்தார். பேஸ் டிரம்மின் அடி மட்டும் பொறியில் சரியாக வரவில்லை; அதைக் கீத் ஃபோர்ஸி என்ற மனிதர் வாசித்தார். இவை அனைத்துக்கும் மேலே, அவசரமே இல்லாமல் மிதக்கிறது சம்மரின் குரல்.

நாங்கள் படித்த புகழுரைகளில் பாதிக்கு மேல் பொறியைப் பற்றியும் தயாரிப்பாளரின் மூளையைப் பற்றியும்தான். பாட்டை எழுதியவர்களில் சம்மரும் ஒருவர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சிந்தித்தவர் ஒருவர், உடம்பைக் கொடுத்தவர் இன்னொருவர் என்ற இந்தப் பங்கீடு எங்களுக்கு நன்றாகப் பழக்கமானது.

டிஸ்கோ வளர்ந்தது அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் கூடி ஆடிய இடங்களில். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

அது வெறும் வேடிக்கை என்று பேசுகிறவர்கள் உண்டு. அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் வேறு ஒன்றைச் சொன்னார்: வந்து குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன.

பறையை இரைச்சல் என்றும் இழவுக்கானது என்றும் சொல்லக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம். ஒரு இசையின் மேல் இத்தனை ஆத்திரம் வந்தால், அதை வாசிக்கிறவர்கள் யார், ஆடுகிறவர்கள் யார் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம்.

அதே வின்ஸ் லாரன்ஸ் பிறகு ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' பாட்டை உருவாக்கினார். 1984இல் வெளியான அது, ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்று. தட்டுகளை வெடித்த அதே சிகாகோவில், டிஸ்கோவின் துடிப்பிலிருந்தே பிறந்தது ஹவுஸ்.

டோனா சம்மர் 2012இல் மறைந்தார். ராக் இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது அதற்கு அடுத்த ஆண்டுதான். தோழர்களே, 'ஐ ஃபீல் லவ்' கேட்க வாய்த்தால், முதல்முறை பொறியைக் கேளுங்கள். இரண்டாம் முறை அந்தப் பெண்ணை மட்டும் கேளுங்கள்.