பறம்பில் தழைத்த நட்பு

மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் இவ்வூரே என்பது மரபு. பாண்டிய நாட்டுப் புலவராகிய அவரை வேற்றுநாட்டுக்கு ஈர்த்தது பாரியின் நட்பு. பாரியின் பறம்புமலை, இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என வழங்குகிறது.

முந்நூறு ஊர்களையுடைய பறம்பு நாட்டில் அம்மலை ஓர் இயற்கைத் தோட்டமாக விளங்கியது. மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் உழாமலே அங்கு விளைந்தன. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்திய புலவரும், முல்லைக்கொடி படரத் தன் தேரையே ஈந்த வள்ளலும் உள்ளம் ஒன்றியதில் வியப்பில்லை.

மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர். கபிலர் நண்பனை விட்டு நீங்கவில்லை. படையால் இம்மலையைக் கொள்ள இயலாது. யாழிசைத்துப் பாடிவந்தால் நாட்டையும் மலையையும் பாரி சேர்த்தே தருவான் என்று பகைவரிடமே எடுத்துரைத்தார்.

பாரி மறைந்தான். அவன் மகளிர் இருவருடன் கபிலர் கண்ணீர் மல்கப் பறம்பிடம் விடைபெற்றார். சிறிது தொலைவு சென்று நோக்கியபோதும் அக்குன்று தெரிந்தது. நண்பனைக் காண விருந்தினராய் வந்தவர், அவன் மக்களுக்குத் தந்தையாய்த் திரும்பினார்.

அம்மகளிரை மணக்குமாறு விச்சிக்கோவையும் இருங்கோவேளையும் வேண்டினார், அவர்கள் இசையவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை. மகளிரைத் தக்கோரிடம் அடைக்கலமாக ஒப்படைத்த பின்னரே, மறுமையிலும் பாரியோடு கூடிவாழ விழைந்து வடக்கிருந்து உயிர்நீத்தார்.