ஐநூறுன்னா எத்தனை?

'ஏஜெண்ட்'னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க? பாலிசி ஃபாரத்தோட வீட்டு வாசல்ல நிக்கிற எல்.ஐ.சி. மாமாதானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது, இந்த லீவுல இன்டர்ன்ஷிப் போகிற வரைக்கும்.

காரைக்குடியில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ரெண்டு மாசம் இன்டர்ன். ஆத்தங்குடி டைல்ஸ் விற்கிற ஒரு கடைக்காக அங்கே ஏ.ஐ. ஏஜெண்ட் தயாராகிக்கிட்டு இருந்தது. கஸ்டமர் மெசேஜ் அனுப்பினா புரிஞ்சுக்கிட்டு, அதுவே ஸ்டாக் பார்க்கும், அதுவே ஆர்டர் போடும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி டூல். எப்போ எந்த டூலைக் கூப்பிடணும், அதுக்கு என்ன தகவல் தரணும்? நாம எழுதி வச்சிருக்கிற விளக்கத்தைப் படிச்சுத்தான் ஏஜெண்ட் முடிவு பண்ணும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்'லயும் இதே கதைதான். டூலோட பேரு, விளக்கம், தர வேண்டிய தகவல்களோட பட்டியல். இவ்வளவுதான் ஏஜெண்ட் கண்ணுக்குத் தெரியும்.

அந்த விளக்கம் எழுதுற வேலை என் தலையில் விழுந்தது. கோடிங் தருவாங்கன்னு பார்த்தா கட்டுரைப் போட்டி வைக்கிறாங்களேன்னு செம கடுப்பு. ஆர்டர் டூலுக்கு ரெண்டே வரி: 'ஆர்டர் போடும். அளவு கொடுக்கவும்.' எழுதிட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டேன்.

மூணாம் நாள் பட்டறையில் இருந்து போன். "தம்பி, கோட்டையூர் வீட்டுக்கு ஐநூறு பீஸ்னு வந்திருக்கு. ஹால்ல பாதிக்குக்கூடப் பத்தாதே?"

கஸ்டமர் கேட்டது 500 சதுர அடி. எட்டுக்கு எட்டு இன்ச் டைல்ஸ்ல ஒரு சதுர அடிக்கு ரெண்டேகால் பீஸ். ஆக 1,125 வேணும். ஏஜெண்ட் போட்டது 500. அது மேல தப்பே இல்லை. 'அளவு'ன்னு நான்தானே எழுதினேன்? கடைப் பையனா இருந்தா "அண்ணே, பீஸா, அடியா?"ன்னு கேட்டிருப்பான். இது கேட்கலை. டூலும் 'சக்ஸஸ்'னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிச்சு. '500 பீஸ், சுமார் 222 சதுர அடி'ன்னு பதில் வந்திருந்தா அங்கேயே மாட்டியிருக்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் மெஷின்ல கொட்டுறது இல்லை பாஸ். கண்ணாடி மேல ஃப்ரேமை வச்சு, கலர் சிமென்ட்டைக் கையால ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு... அவசரப்படுத்தவே முடியாது. ஒரு ஈடுக்கும் இன்னொரு ஈடுக்கும் நிறம் லேசா மாறலாம். கிரகப்பிரவேச நாளைக் குறிச்சுட்ட அந்த வீட்டுக்கு இன்னும் 625 பீஸ். பட்டறை அண்ணன் திட்டவே இல்லை. "சரி தம்பி, பார்க்கிறேன்"னு சொன்னார். திட்டியிருக்கலாம்!

ராத்திரி அப்பத்தாகிட்ட புலம்பினேன். "ஏஜெண்டா? எங்க மாமனாரும் ரங்கூன்ல ஏஜெண்டாத்தான இருந்தாக!"ன்னாங்க. அட, ஆமா! முதலாளி ஊர்ல இருக்க, அவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தோட மூணு வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறினவங்கதானே நகரத்தார் கடை ஏஜெண்டுங்க. ஒரு சந்தேகம் கேட்கணும்னா கடுதாசி கடல் தாண்டி வரணும். "எழுதினதை மட்டும் வச்சுக்கிட்டா எப்படி அப்பத்தா சமாளிச்சாங்க?"

"எடுத்த எடுப்புல யாரு ஏஜெண்டாக்குனா? பெட்டியடிப் பையனா உக்காந்து, அடுத்தாளா இருந்து, தொழில் கத்த பெறகுதான்."

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. நம்ம ஏஜெண்டுக்குப் பெட்டியடியும் இல்லை, அடுத்தாளும் இல்லை. அந்தக் கடையைப் பத்தித் தெரிஞ்சுக்க அதுக்கு இருந்தது என்னோட ரெண்டு வரி மட்டும்தான்.

மறுநாள் நேரா பட்டறைக்குப் போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன்: 'புது ஆர்டரைப் பதியும். எண்ணிக்கை பீஸ் கணக்கில், முழு எண்ணாக. சதுர அடியில் சொன்னால், டைல்ஸ் சைஸைக் கேட்டு மாற்றவும். சைஸ் தெரியாமல் ஊகிக்கக் கூடாது. உதாரணம்: 8 இன்ச்சில் 100 சதுர அடி என்றால் 225 பீஸ். பதிந்ததும் பட்டறைக்குப் போய்விடும், ரத்து செய்ய முடியாது. அதனால் கஸ்டமரிடம் ஒருமுறை உறுதி செய்யவும்.' இதுக்கு ஒரு முழு நாள் ஆச்சு. கோடு எழுதியிருந்தாகூட சீக்கிரம் முடிஞ்சிருக்கும்!

அடுத்து டெலிவரி டூல். திறந்து பார்க்கிறேன், போன வாரம் நானே எழுதினது: 'தேதி கொடுக்கவும்.' 5/6-ன்னா ஜூன் அஞ்சா, மே ஆறா?

அண்ணே, இன்னொரு டீ!